கொத்திப் போட்ட சரிவு

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால், பாதி கட்டி நின்றுபோன கம்பெனி ஒன்று கிடந்தது. கூரைகூடப் போடவில்லை. ஆனால் லாரி ஏறி இறங்க ஒரு சிமென்ட் சரிவை மட்டும் முதலிலேயே போட்டுவிட்டார்கள். வீட்டுத் தரைகூட அவ்வளவு வழவழப்பாக இருக்காது. எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதில், அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான். மற்றதெல்லாம் ஆகாது. சிங்காரப்பேட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வகுப்பில் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தெலுங்கு. நான் வாயைத் திறந்தால் எல்லாருமே சேர்ந்து சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண் மட்டும் சிரிக்க மாட்டாள். நானும் அவளும் பழைய இரும்புக் கடையில் நான்கு தேய்ந்த பேரிங்குகளைப் பொறுக்கி, பேக்கிங் பெட்டிப் பலகையின் அடியில் கட்டை வைத்து மாட்டினோம். பேரிங் வண்டி எல்லாத் தெருவிலும் இருந்தது. பையன்கள் அதில் உட்கார்ந்து போவார்கள். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நின்றேன். விழுந்தேன், முகவாய் கிழிந்தது, மறுபடி நின்றேன். "ஜோரா தள்ளே!" என்று அவள் கன்னடத்திலேயே நான் கத்த, அவள் தள்ளுவாள். இரும்பு சிமென்டில் உரசும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். கீழே போய்ச் சேரும்போது உள்ளங்கால் மரத்துப்போயிருக்கும்.

சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கம்பெனி மேனேஜர் வீடு. கோடை லீவில் அவர் மகன் சுவர் இடுக்கு வழியாக வந்தான். என்னைவிட ஒரு வயது பெரியவன். கையில் சிவப்புப் பலகை, அடியில் மெத்தென்ற சக்கரங்கள்.

"இதுக்குப் பேரு ஸ்கேட்போர்டு. மாமா ஃபாரின்லேர்ந்து கொண்டாந்தாரு. உங்களது என்ன, எலிப்பொறியா?"

அவனால் சுவரைப் பிடிக்காமல் அதில் ஏறி நிற்கவே முடியவில்லை. நான் அவன் முன்னாலேயே மேலிருந்து கீழ்வரை நின்றபடி போய்க் காட்டினேன். அவன் முகம் சுண்டிப்போனது.

"வெளிய போங்க. இது எங்கப்பா எடம்."

"உங்கப்பாவும் சம்பளத்துக்குத்தான் வேலை பாக்கறாரு."

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. வாட்ச்மேன் குச்சியோடு துரத்தினார். அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத் திரும்பி வந்தோம். சரிவு முழுக்க ஜல்லியைக் கொட்டினார்கள். துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு ஓட்டினோம். சத்தத்தில் மேனேஜர் வீட்டம்மாவுக்குத் தலைவலி வருகிறதாம். வரட்டும் என்று இன்னும் நாலு முறை ஓட்டினோம்.

பள்ளி திறந்த வாரம். சாயங்காலம் பலகையை எடுத்துக்கொண்டு போனால், மூன்று ஆட்கள் கடப்பாரையால் சரிவைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பாதி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. மூன்றாவது ஆள் என் அப்பா.

அவர் கான்ட்ராக்டில் கூலிக்குப் போனவர். எந்த நாள் எங்கே வேலை என்று எங்களுக்குச் சொன்னதில்லை.

"என்னப்பா பண்றீங்க?"

"லாரி வழுக்குதாம். கொத்தச் சொன்னாங்க."

"இங்க ஏதுப்பா லாரி?"

அவர் பக்கத்தில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "வூட்டுக்குப் போ" என்றார்.

"நீங்க கொத்தாதீங்க. வேற யாராச்சும் கொத்தட்டும்."

"யாரு கொத்துனா என்னா? போடி."

அவருக்குத் தெரியும். போன மாதம்தான் வேலை விட்டு வரும் வழியில் சரிவோரம் நின்று நான் ஓட்டியதைப் பார்த்து, "காலப் பாக்காத, நேராப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. மேலே ஏறினேன். கொத்தாத பாதி இன்னும் இருந்தது. பலகையில் நின்று, நானே உதைத்துக் கிளம்பினேன். மேஸ்திரி கத்தினார். அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கொத்திய இடத்தில் முன் பேரிங் சிக்கியது. நான் தூக்கி எறியப்பட்டு இடது கையின் மேல் விழுந்தேன். முழங்கைக்குள் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஏன்யா, உம் பொண்ணா இது?" என்றார் மேஸ்திரி.

அப்பா என்னைத் தூக்கக் குனிந்தார். "தொடாதீங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. அவர் கையைக் கடித்தேன், ரத்தம் வரும்வரை. அந்தக் கையாலேயே என்னைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

மறுநாள் காலை மாவுக்கட்டோடு நான் படுத்திருக்க, அவர் போய் மிச்சப் பாதியையும் கொத்தி முடித்தார்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் மகன் சுவர் இடுக்கில் சிவப்புப் பலகையோடு நின்றான். அவன் சக்கரமும் அந்தக் குழிகளில் உருளாது. அது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

"இனிமே எங்க ஓட்றது?" என்று என்னிடம் கேட்டான், என்னவோ நாங்கள் ஒரே கட்சி மாதிரி.

"உங்கப்பனப் போய்க் கேளு."

அவன் அழுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

கட்டுப் பிரிக்கும்வரை நான் அப்பாவிடம் பேசவில்லை. அவரும் பேச வைக்கப் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் வலது கைப் பக்கமாக நகர்த்தி வைப்பார். கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. பேரிங்குகளை அம்மா திரும்பவும் பழைய இரும்புக் கடையிலேயே போட்டுவிட்டாள்.

"அந்த மனுஷன் வேற என்னாடி பண்ணியிருக்க முடியும்?" என்று அம்மா இன்றும் கேட்கிறாள். அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. ஒன்றும் பண்ணியிருக்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம் போகவில்லை.