இடப்பக்க ஜன்னலில் ஒரு கதிர்க்கொத்து

என் கணவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. பக்கவாதம் வந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு வீடு திரும்பியவர், தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவார். இடது பாதி அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்தால், புதுச்சோறு வந்ததுபோல மறுபடியும் சாப்பிடுவார். முதல் இரண்டு நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. வேளைக்கு ஒரு தரம் தட்டைத் திருப்பித் திருப்பியே அலுத்துப்போனேன்.

மாநில எல்லையிலிருக்கும் எங்கள் பஞ்சாயத்திலிருந்து, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிற பாலியேட்டிவ் சிஸ்டர், மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். "அம்மா, இவர் தானாயிட்டு இடது பக்கம் திரும்பிப் பாக்கணும். நம்ம பிடிச்சுத் திருப்பினா போதாது. இல்லேன்னா பின்னே நடக்கிறது கஷ்டமாகும்."

தானாகத் திரும்ப வேண்டுமாம். நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால், அவர் வலப்பக்கம் தேடினார். டிவியை இடப்பக்கம் மாற்றினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். பேச்சு குழறுகிறது என்று வாயைத் திறப்பதும் இல்லை. இனி இந்த மனுஷன் எழுந்து நடக்கவே மாட்டாரோ என்று பயந்துகிடந்தேன்.

அந்த நேரத்தில் முதல் போகம் அறுவடை வந்தது. எங்கள் பக்கத்தில் வயலில் முதலில் அறுக்கிற கைப்பிடிக் கதிரை வீட்டுக்காரர் தன் கையாலேயே பின்னி, முன்வாசல் எரவாணத்தில் தொங்கவிடுவார். அது குருவிகளுக்கு. இந்த வருடம் பின்னுகிற கை கட்டிலில் கிடந்தது. நானே ஒரு மாதிரியாகப் பின்னி, முன்வாசலில் கட்டாமல், அவர் கட்டிலுக்கு இடப்பக்கம் இருக்கும் ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டேன்.

பக்கத்து வீட்டிலிருக்கும் அவருடைய அண்ணன் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏனம்மிணி, கதிரைக் கொண்டுபோயிச் சந்துல கட்டிப்போட்டயே, ஊட்டு முன்னால கட்டோணுமல்ல?" என்றார்.

"முன்னால கட்டுனா உங்க கொழுந்தனாருக்குத் தெரியாதுங்கக்கா," என்றேன்.

மூன்றாம் நாள் காலை நான் தட்டைத் திருப்பப் போனபோது ஜன்னலை ஒட்டிய கொய்யா மரத்தில் ஏதோ சலசலப்பு. கதிர் அசைந்தது. அவர் கழுத்து மெல்ல மெல்ல இடப்பக்கம் திரும்பியது. நான் பார்ப்பதற்குள் இரண்டு சிட்டுக்குருவிகள் விருட்டென்று பறந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. குருவிகள் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கொய்யா மரத்திலிருந்து ஓர் அணில் தாவி வந்து, கயிற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கதிரை உருவியது. பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குருவிகள் தள்ளி உட்கார்ந்து பார்த்தன. அவரும் திரும்பிப் பார்த்து ஏதோ முனகினார். அவருக்கு அணில் என்றாலே ஆகாது. எங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயை அணில்கள் கடித்து ஓட்டை போட்டுவிடும். விடிந்ததும் தோப்பைச் சுற்றி வந்து, தண்ணீர் பீச்சும் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் சுற்றி, கண்ணில் படுகிற அணிலை விரட்டிவிட்டுத்தான் காப்பி குடிக்கவே வருவார். குருவிக்கு வைத்த நெல் போகிறதே என்று ஆத்திரப்படுகிறார் என்று நினைத்தேன். படுத்துக்கிடக்கும் மனுஷனுக்கு இந்தத் தொல்லை வேறா என்று, அணில்களை ஒழித்துக்கட்டக் கிளம்பினேன்.

கொய்யாக் கிளையை வெட்டினேன். அணில் கூரை ஓட்டிலிருந்து குதித்தது. மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துக் கயிற்றில் தடவினேன்; நெடி உள்ளே வந்து அவர்தான் தும்மித் தீர்த்தார். கயிற்றை எடுத்துவிட்டுக் கம்பி கட்டி, மோட்டாருக்குப் போடும் கிரீஸைப் பூசினேன். ஒரு நாள் வழுக்கியது, மறுநாள் பழகிக்கொண்டது. குளிப்பாட்டு, துணி மாற்று, தட்டைத் திருப்பு, அணிலோடு மல்லுக்கட்டு. சாயங்காலமானால் முதுகை நிமிர்த்த முடியாது. கடைசியில் ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் ஓட்டை போட்டு, கம்பியில் கோத்து, கதிருக்கு மேலே குடை மாதிரி கவிழ்த்துவிட்டேன். அணில் இறங்கியதும் பேசின் சாய்ந்து அதைக் கீழே தள்ளியது. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு அது வருவதை நிறுத்திக்கொண்டது. புதுக் கதிர் கட்டினேன். குருவிகள் கூட்டமாக வந்தன.

அவர் திரும்பவில்லை. ஜன்னலில் அத்தனை கூச்சல். அவர் வலப்பக்கச் சுவரையே பார்த்துக் கிடந்தார். சிஸ்டர் வந்து, "போன தடவை நல்லா திரும்பினாரே," என்று நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு தரம் பக்கவாதம் வந்துவிட்டதோ? மறுபடியும் கோயம்புத்தூர், மறுபடியும் ஆஸ்பத்திரி வராந்தா. நான் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை ஜன்னல் திட்டில் கரகரவென்று கேட்டது. அணில், பேசினை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலில் அவர் தலை திரும்பியது. தலை மட்டுமல்ல, தோளும். நன்றாக இருக்கிற கை மெத்தையைத் தட்டியது. "ச்சூ," என்றார்.

அணில் ஓடியதும் தலை பழைய இடத்துக்கே போய்விட்டது. அதே ஜன்னலில் ஐந்தாறு குருவிகள் இருந்தன. அவற்றை அவர் சட்டையே செய்யவில்லை. முதல் நாளும் அவர் குருவிக்காகத் திரும்பியிருக்க மாட்டார், கொய்யா மரத்தில் சலசலத்த அணிலுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணில் வந்துவிட்டது, விரட்ட வேண்டும். அவருக்கென்று மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான். அதைத்தான் நான் இத்தனை நாள் பாடுபட்டு அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதை வாயத் தொறந்து சொன்னா என்னங்க?" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார்.

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பேசினைக் கழற்றினேன். கம்பியை எடுத்துவிட்டுப் பழையபடி கயிற்றையே கட்டினேன். கொஞ்ச நேரத்தில் அணில் வந்து தலைகீழாகத் தொங்கியது. அவர் திரும்பினார். "ச்சூ." குழறலான சத்தம், அணில் காதிலேயே வாங்காமல் நெல்லை உரித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் ஓடிவந்து விரட்டியது நான்தானே.

"ஏனுங்க, நீங்களே ஓட்டிக்குங்க. எனக்கு அடுப்புல வேலை கெடக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உலை கொதிக்கிற சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது. "ச்சூ." கொஞ்ச நேரம் கழித்து, அதைவிடச் சத்தமாக இன்னொரு முறை.