பெயர் எழுத வேண்டாம்

எங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி தொங்குகிறது. 'மனசுல இருக்கறத எழுதிப் போடு, பெயர் எழுத வேண்டாம்' என்று அதன்மேல் பெயிண்டில் எழுதியது நான்தான். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். பிள்ளைகளோடு பேச ஆலோசகர் வருவார் என்று ஓர் அறையை ஒதுக்கினோம். அவர் வரவில்லை, விடைத்தாள் கட்டுகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மிஞ்சியது பெட்டிதான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் அதைத் திறப்போம். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, பி.டி. பீரியடைக் கணக்கு சார் பிடுங்கிக்கொள்கிறார், இப்படித்தான் இருக்கும். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு சீட்டு வந்தது. 'ராத்திரி தூக்கமே வரல. பிரேயர் பெல் அடிச்சா நெஞ்சு படபடங்குது, அழுகையா வருது. யார்கிட்டயாவது பேசணும். கிளாஸ்ல வெச்சுக் கேக்காதீங்க.'

சீட்டு கைமாறியது. என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை. "யாருது இது?" என்றுதான் கேட்டார்கள். தினம் தினம் நோட்டுத் திருத்துகிற கூட்டம் நாங்கள். கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம், அதில் ஒரு கர்வம் வேறு. கணக்கு சார் இரண்டு பெயர் சொன்னார், இரண்டும் தப்பு. நான் வாங்கிப் பார்த்தேன். 'ழ'வின் வாலை அப்படிச் சுழிக்கிறவள் பிளஸ் ஒன்னில் ஒருத்திதான். பெயரைச் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை, விடுகதையை அவிழ்த்தவள் மாதிரி சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பிரேயரில் தலைமையாசிரியர் மைக்கிலேயே அவளைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. போன் போய், மீன் ஏலத்திலிருந்து அவள் அம்மா ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர், எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? ஏலத்த வுட்டுட்டு ஓடியாறேன். நல்லாத்தானே வந்துகினு இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. போனக் கையில குடுக்காதீங்க. விடிகாலைல அலாரம் வெச்சுப் படிக்கச் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார் தலைமையாசிரியர்.

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடியே நின்றாள். 'மாணவிக்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அறிவுரையாம்! தூக்கம் வராத பிள்ளைக்கு அலாரம் வைக்கச் சொல்வதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் அது.

அடுத்த மாதம் பெட்டி காலி. "பாத்தீங்களா, பிரச்சனையே இல்ல" என்றார் கணக்கு சார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் கட்டுரை நோட்டுத் திருத்தினேன். அவள் நோட்டில் சுழியும் இல்லை, சாய்வும் இல்லை. எழுத்துகளெல்லாம் அச்சடித்தது போலத் தனித்தனியாக நின்றன. அடுத்த நோட்டும் அப்படியே. அதற்கடுத்ததும். அவள் பெஞ்சில் உட்காரும் நான்கு பேரும் ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா எல்லாரும் எழுத்த மாத்திட்டீங்க?" என்றேன்.

"இப்ப எழுதிப் போட்டா யாருதுன்னு தெரியாது இல்ல, டீச்சர்?"

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"ராத்திரி தூங்குறியாம்மா?"

பதில் சொல்லுமுன், வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.