எனக்கும் ஒரு எஸி

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஒன்றுகூட என்னை நீ என்று சொன்னதில்லை. விசுவமடுவில் வேறு எவருக்கும் அந்தத் துணிவு வந்ததில்லை.

கப்பலில் போய்க் கிரேக்க நாட்டில் தங்கிவிட்ட என் நாலாவது மகன், சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்ததும் அந்த நாட்டு மனைவியோடு வந்து நின்றான். மருமகளோடு நேரே கதைக்கவேண்டும் என்று அவனிடம் பாசை படித்தேன். எகோ என்றால் நான். எஸி என்றால் நீ. பெரியவர்களுக்கும் பிறத்தியாருக்கும் எஸிஸ், அதாவது நீங்கள்.

"எர்கொமே எண்டாலே காணும் அம்மா. நாங்கள் 'வாறன்' எண்டு சொல்லுற மாதிரி. எகோ தேவையில்லை, அழுத்திச் சொல்லேக்கதான் அது வேணும்," என்றான்.

"ஏன் தேவையில்லை? வாறது நான்தானே!"

கோழிக்கு அரிசி போடப் போனாலும் எகோ, கிணற்றடிக்குப் போனாலும் எகோ. "அம்மா வாறது வளவு முழுக்கக் கேக்குது," என்று மூத்த மகள் சிரித்தாள்.

மருமகள் என்னை எஸிஸ் என்றுதான் சொல்வாள். அயலெல்லாம் அந்த மரியாதையைச் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் அவள் தன் தாயோடு கதைக்கக் கிளிநொச்சித் தொலைபேசிக் கடைக்குப் போனோம். சிரிப்பும் கண்ணீருமாகக் கதைத்தாள். வாய்க்கு வாய் எஸி.

"என்னடா, தாயை நீ எண்டு கதைக்கிறாள்?"

"அங்க அப்பிடித்தான் அம்மா. சொந்தத் தாயை ஆரும் எஸிஸ் எண்டு சொல்லமாட்டினம்."

"அப்ப நான் ஆர்? பிறத்தியோ?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் மனம் ஆறவில்லை. அவர்கள் புறப்படக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் நான் அவளுக்குத் தாயாகிவிட வேண்டும்.

வந்ததும் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டு, என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். "எஸிஸ் வேண்டாம். எஸி."

அவள் திகைத்துப்போய் மகனைப் பார்த்தாள்.

"அவனைப் பாராதை. எகோ சொல்லுறன்!"

"இப்பதான் அம்மா எகோவைச் சரியான இடத்தில போட்டிருக்கிறியள்," என்றான் அவன்.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. "எங்களை ஒருநாளும் நீ எண்டு சொல்ல விட்டனீங்களோ?"

"நீ பேசாமல் இரடி. தமிழில எப்பவும் நீங்கள்தான்."

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து, "எஸி" என்றாள். காது கூசியது. ஆனாலும் இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன்.

இதை எனக்காக எழுதும் பேத்தியிடம் இப்போது கேட்கிறேன்: "பிள்ளை, அந்த இடத்தை ஒருக்கா வாசி பாப்பம். எஸி எண்டுதானே எழுதினனி? மரியாதை ஒண்டும் சேர்க்கேல்லைத்தானே?"