காலி வார்டில் எடுத்த சாம்பிள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். கதை கட்டத் தெரியாதவள்.

எந்த மருந்துக்கும் சாகாத ஒரு கிருமி அங்கே பரவிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து யாருக்குப் போகிறது என்று தேடும் வேலை அக்காவுக்கு. நோயாளி, டாக்டர், துப்புரவு ஆள் என்று எல்லார் கையையும் பஞ்சுக்குச்சியால் தடவி லேபுக்கு அனுப்புவாள். கிருமி இருந்தால் வேலைக்கு வரக் கூடாது. அதனால் அவளைக் கண்டாலே ஒதுங்கினார்கள். கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் மேஜையே காலியாகிவிடும். "இடம் பிடிக்கணும்னா என்னைக் கூட்டிட்டுப் போ" என்று சிரிப்பாள். வீட்டில் பெற்ற பிள்ளையைத் தொடவும் பயந்து தனி அறையில் படுத்தாள்.

கிருமியின் பிறப்பிடம் பிடிபடவில்லை. ஒரு வார்டையே காலி செய்து பூட்டினார்கள். ஒரு மத்தியானம் அக்கா தனியாக உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கட்டில், கதவுப்பிடி, திரைச்சீலை, ஒன்று விடாமல் தடவினாள்.

சொட்... சொட்...

கடைசிக் கட்டிலுக்குப் பின்னால் கை கழுவும் தொட்டி. குழாயை இறுக்கிவிட்டுத் திரும்பினாள்.

கட்டிலில் ஒரு வயதான அம்மா.

வழி தவறி வந்துவிட்டார் போல என்றுதான் நினைத்தாள். அவர் கையை நீட்டினார்.

"எனக்கும் எடும்மா."

எடுத்தாள். உள்ளங்கை முழுக்க ஈரம்.

"கொஞ்சம் பிடிச்சுக்கயேன். யாரும் தொடறதே இல்ல."

அந்த வார்த்தை அக்காவை என்னவோ செய்தது. பிடித்துக்கொண்டாள். கையுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது...

சக்கர நாற்காலி கொண்டுவரக் கதவுக்குப் போனாள்.

தாழ்... போட்டபடியே இருந்தது.

திரும்பினாள்.

கட்டில் காலி.

சொட்... சொட்...

அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. சாம்பிளை மட்டும் மற்றவற்றோடு அனுப்பினாள். எல்லாம் சுத்தம். அந்த ஒன்றில் மட்டும் கிருமி. நோயாளிகளிடம் இருப்பதெல்லாம் இதன் குட்டிகள், இதுதான் தாய் என்றார் லேப்காரர். எங்கே எடுத்தது என்று கேட்டார். கடைசிக் கட்டில் என்றாள். பக்கத்துத் தொட்டிக்கு அடியில் கழிவுநீர் போகும் குழாயைப் பிரித்தார்கள். உள்ளே அதே கிருமி கூடு கட்டியிருந்தது. குழாயை மாற்றியதும் பரவல் நின்றது.

அதற்குப் பிறகுதான் அந்த வார்டின் தலைமை நர்ஸிடம் அடையாளம் சொல்லி விசாரித்தாள். முதன்முதலில் கிருமி தொற்றியதே அந்த அம்மாவுக்குத்தானாம். பார்க்க ஒருத்தரும் வராமல், அதே கட்டிலில் போய்ச் சேர்ந்தாராம்.

அக்கா மெல்லச் சொன்னாள். "அவங்க கை அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு."

தலைமை நர்ஸ் அவளையே பார்த்தார்.

"எந்தக் கை? அழுகிப் போச்சுன்னு, சாகறதுக்கு முன்னாடியே ரெண்டையும் எடுத்துட்டோமே..."