மோட்டார் ரூம் பார்க்கப் போனவர்

என் வீட்டுக்காரர் சகாயராஜ் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கிறார். வாரத்தில் ஆறு நாள் ராசிபுரம், நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கோழி எச்ச நாற்றத்தோடு அலைகிற மனுஷன் ஏழாம் நாளாவது வீட்டில் கிடக்கக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அதே காட்டுப்பாதைக்குத்தான் போவார். படம் வரைந்த மோட்டார் ரூம் தேடுகிறாராம். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை.

கிணற்று மேட்டில் பம்புசெட்டுக்கு ஒரு சின்ன அறை கட்டுவார்களே, அதன் சுவரில் சிலர் மயில், காளை என்று வரைந்திருப்பார்கள். இவர் அதைப் போட்டோ எடுப்பார், டேப் பிடித்து அளப்பார், சுவரிலிருக்கும் கரண்ட் சர்வீஸ் நம்பர் வரை நோட்டில் எழுதிக்கொள்வார். பத்துக்கு எட்டு சுவரில் சிமெண்ட் விளம்பரமும் ஜட்டி விளம்பரமும்தான் இருக்கும். இந்தக் கண்றாவிக்காகவா என் முதுகெலும்பு தேய வேண்டும் என்று வழி நெடுகத் திட்டுவேன். மனுஷன் சிரித்துக்கொண்டே ஓட்டுவார்.

ராமாயி என்பவளின் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரைப் பார்த்த அன்று மட்டும் ஸ்கூட்டரை என் கையில் விட்டுவிட்டு ஓடினார். சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக வண்ணம், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருக்கும் மகன் கொண்டுவந்த மிச்சப் பெயிண்டில் ராமாயியே மூன்று வருஷமாக வரைந்தது. ஐம்பது வயதுக்காரி, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். இவர் டேப்பை எடுத்ததும் அவள் பேச்சு நின்றுபோனது. அதை நான் கவனித்தேன், ஆனால் காரணம் யோசிக்கவில்லை. பக்கத்துப் பண்ணை ஈக்கள் என் வாயிலும் மூக்கிலும் மொய்த்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, மோராச்சும் குடிங்க" என்று இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். என் டம்ளரில் ஒரு ஈ மிதந்தது. "வேண்டாங்க, நேரமாச்சு" என்று டம்ளரைத் தொடாமலே, இவரையும் குடிக்க விடாமல் சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அந்தப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, ராமாயிக்குக் கொடுக்கக் கொண்டுபோனார். தூரத்திலேயே நாறியது. சுவர் முழுக்கத் தார். ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. இவர் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடக்கூட மறந்து நின்றார். எந்தப் பாவி செய்த வேலை என்று நான் கத்தினேன்.

ராமாயி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். "நாந்தானுங்க பூசிப்போட்டேன். பக்கத்தூர்ல ரோடு போடக் காடு தோட்டத்த எடுக்க வந்த ஆபீசருங்களும் இப்படித்தானுங்க டேப்புப் புடிச்சு, நம்பர் எழுதிக்கிட்டுப் போனாங்க. அடையாளம் இல்லீனா எங்க காட்டக் கண்டுபுடிக்க முடியாதுன்னு நெனச்சனுங்க. எங்களுக்கு இருக்கறதே இந்த ஒண்ணரை ஏக்கராதானுங்க."

"அம்மா, நான் கோழி மருந்து விக்கிறவன். படம் அழகா இருந்துச்சேன்னுதான் எழுதினேன்" என்றார் இவர். ராமாயி நம்பவில்லை. சட்டத்தில் இருந்த படத்தைப் பார்த்து இன்னும் பயந்தாள். "இதையும் கிழிச்சுப் போட்டுருங்க சாமி" என்றாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று தொடாமல் வந்த மோர்தான் நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் மோர் குடுங்க" என்றேன். கொண்டுவந்தாள். வாங்கிய கையோடு ஈ இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் குடித்து முடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டதும் அவள் முகத்திலிருந்த பயம் போய்விட்டது. மெதுவாகத் திரும்பித் தார்ச் சுவரைப் பார்த்தாள்.

"அந்த ஆபீசருங்க எங்கூட்டுத் தண்ணிகூட வாயில வெக்கலீங்க. நீங்களும் தொடலியா, அதுலதான் அவிங்க ஆளுங்கன்னு முடிவு பண்ணுனேன்" என்றாள். "அன்னைக்கே இதக் குடிச்சிருக்கலாமல்லோ சாமி?"