பீப்பாவுக்குள் ஹாஜறாவின் ஆட்டுத்தோல்

யானைத் தோலைக் கொண்டுவந்து போட்டாலும், தான் கலக்கிய கரைசலில் ஊறவைத்து, லேஞ்சி மாதிரி மடித்துச் சட்டைப் பொக்கட்டில் வைத்துக் காட்டுவார் காலிதீன். ஒரு தடவை வைத்தும் காட்டினார். பொக்கட்டிலிருந்து தும்பிக்கை எட்டிப் பார்த்ததை மருதமுனையில் பாதிப் பேர் கண்டார்கள்.

இதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் இனிச் சொல்லப்போவதை நம்பியே ஆகவேண்டும். ஏனென்றால் அது நடந்தது. போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு, பட்டப்பகலில், காலிதீனின் பின்வளவில் நடந்தது.

கல்முனை பஸ் டிப்போவில் டயருக்கு ஒட்டுப் போட்டே தலை நரைத்தவர் அவர். பென்சன் எடுத்த பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தோல் பதப்படுத்தும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வாவிக்கரையில் பொறுக்கிய கண்டல் மரப்பட்டையை இடித்து, பிளேன்டீ நிறம் வரும்வரை அவிப்பார். நன்றாக ஆறவைப்பார், சூட்டோடு போட்டால் தோல் சுருண்டு அப்பளமாகிவிடும். பிறகு உப்பு, சீனக்காரம். விரலில் தொட்டு நாக்கில் வைத்து, நாக்கு மரத்துப்போனால்தான் கரைசல் சரி என்பார்.

"ஊர்ல மனிசன்மாரு பென்சன் எடுத்தா உம்றாக்குப் போறாங்க. எண்ட மனிசன் பட்டை அவிக்கிறாரு" என்று மனைவி நஸீறா வேலிக்கு மேலால் ஊருக்கே அறிவிப்பார்.

கரைசல் தயார். நல்ல தோல்தான் இல்லை. பெருநாளன்று அறுத்த தன் ஆட்டின் தோலை, உரித்தவன் கத்தியால் கண்ட இடமெல்லாம் கிழித்துவைத்திருந்தான். சல்லடைகூட அதைவிட மேல்.

அந்த நேரம் பார்த்து ஹாஜறா வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். போன வருடம் மௌத்தான கைத்தறிக்காரர் கச்சிமுகம்மதுவின் மனைவி. புருசன் பெயரில் குர்பான் கொடுக்கவென்றே ஒரு சிவலை ஆட்டை வளர்த்து, அன்று அறுத்திருந்தாள்.

"காக்கா, நீங்க மத்ரஸாவுக்குத்தானே போறீங்க? இந்தத் தோலையும் அந்த ஓதுற புள்ளைகளுக்குச் சேத்திருங்க. அவருட பேருல ஒங்கள நம்பித் தாற அமானிதம்."

காலிதீன் விரித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மயிர் பட்டுப் போல மினுங்கியது. தொழுகைப் பாயாக விரித்தால்... அடடா!

குர்பான் தோலை விற்றுத் தின்னக்கூடாது, உரித்தவனுக்குக் கூலியாகவும் கொடுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். தன் ஆட்டின் தோலைத் தானே பாவிக்கலாம் என்பதும் தெரியும். எனவே ஒரு கணக்குப் போட்டார். தோலுக்குத் தோல் போனால் சரிதானே? தன் சல்லடைத் தோலை ஹாஜறாவின் பெயரில் மத்ரஸாவுக்குக் கொடுத்தார். அவளுடைய தோலைத் தன் பீப்பாவுக்குள் அமுக்கினார்.

அமுக்கும்போதே நெஞ்சுக்குள் ஏதோ நெருடியது. கோலை எடுத்துக் கலக்கினார். நெருடல் கலங்கவில்லை.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து கையை விட்டார். கரைசல் குளிர்ந்திருந்தது.

தோல் சூடாக இருந்தது.

வெயில் சூடல்ல. உயிருள்ள ஆட்டின் வயிற்றைத் தடவினால் வருமே, அந்தச் சூடு. கையை வெடுக்கென்று இழுத்தார்.

"கச்சான் காத்து அடிக்கிற காலத்தில சூடாகாம, ஐஸ் கட்டியாவா இரிக்கும்?" என்று நஸீறா சிரித்தார். "ஒங்களுக்கு மண்டைக்குள்ளதான் சூடு."

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. சாயம் உள்ளே இறங்கிவிட்டதா என்று பார்க்க, ஓரத்தில் சின்னதாக வெட்டினார். வெட்டு வாய் மண்ணிறமாக இருக்கவேண்டும். இருந்தது சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி திரண்டது... சொட்டென்று கரைசலில் விழுந்தது.

"நஸீறா! ஓடி வா புள்ள!"

நஸீறா வந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்சம் பிந்தி வந்தது.

"பட்டைச் சாயம்ங்க. அடுத்தவங்கட சாமானை வெச்சிக்கிட்டா இப்பிடித்தான் கண்ணு காட்டும். கொண்டு போய்க் குடுங்க."

குடுக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு? ஹாஜறா அவரைக் காணும்போதெல்லாம் "அல்லாஹ் ஒங்களுக்கு பறக்கத் செய்யட்டும் காக்கா" என்கிறாள். ஒவ்வொரு துஆவும் கல்லாக வந்து விழுந்தது. தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர், தோலை எடுத்து வெயிலில் பலகையில் விரித்து ஆணியறையப் போனார். சுற்றிலும் நெருப்புக் காற்று. முருங்கை இலைகூட வாடித் தொங்கியது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

கிடு... கிடு... கிடு...

பல் கிட்டுகிற சத்தம். குளிரில் நடுங்குகிற சத்தம்.

அந்த வெயிலில்.

பிறகு குளம்பு. டொக்... டொக்...

கிட்டத்தில்.

நின்றது.

அவருடைய கெண்டைக்காலில் ஈரமாக ஒன்று உரசியது...

திரும்பிப் பார்க்கவில்லை. தோலைப் போட்டது போட்டபடி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடிய ஓட்டத்துக்குக் கல்முனை எக்ஸ்பிரஸ் வழிவிட்டிருக்கும்.

ஹாஜறா வாசலிலேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் அவள் திறந்தாள்.

"லுஹர் தொழுதிட்டு இப்பதான் கொஞ்சம் கண்ணயந்தன் காக்கா. அவரு கனவுல வந்தாரு. 'நீ அனுப்பின ஆடு வந்து சேந்திட்டு ஹாஜறா. ஆனா குளிர் தாங்காம நடுங்குது. எண்ட கபனைக் கிழிச்சிப் போத்திவிட்டிருக்கன்' எண்டாரு." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "தோலைச் சேத்துட்டீங்கதானே?"

காலிதீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சொன்னார். முழுவதையும் சொன்னார்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கிட்ட மாப்புக் கேக்காதீங்க. அது அவருட சாமான். கொண்டு போய், ஆருட தோல் எண்டு ஒங்கட வாயாலேயே செல்லிக் குடுங்க."

அன்றே மத்ரஸாவுக்குக் கொண்டுபோனார். ஓதுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்திருக்க, ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்தின் முன்னால் தலையைக் குனிந்து சொன்னார். கையை விட்டுப் போகும்போது தோல் சில்லென்று குளிர்ந்திருந்தது. வெட்டு வாய் நல்ல மண்ணிறம்.

மஃரிபுக்கு வீடு வந்தார். நஸீறாவின் நக்கலுக்குக் காதைத் தயார்பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

"குடுத்திட்டன். ஹாஜறாவும் கனவு கண்டிருக்கா. ஆடு குளிர்ல நடுங்குதாம்."

மையித்துக்குச் சுற்றிய கபன் சீலையின் கதையை மட்டும் சொல்லாமல் விட்டார்.

நஸீறா சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டார். பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"வெள்ளச் சீலை போத்தியிருந்திச்சாமா?"

காலிதீன் வெடுக்கென்று நிமிர்ந்தார். "அது... ஒனக்கு ஆரு செல்லின?"

"பெருநாளைக்கு மறுநாளே கண்டன். பீப்பாவை மோந்துக்கிட்டு நிண்டிச்சி. நானும் செல்லியிருந்தா நீங்க பயத்திலயே மௌத்தாப் போயிருப்பீங்க. அதான் சிரிச்சன்."

"என்னத்தைக் கண்டாய்?"

"ஆரோ வளக்கிற ஆடு எண்டு நெனச்சி, சீலையப் புடிச்சி இழுத்துப்போட்டன்." நஸீறா தன் கையைப் பார்த்தார். முந்தானையில் துடைத்தார். மீண்டும் துடைத்தார்.

"ஓம்ங்க. நடந்ததுதான். தோலில்லாமதான் நிண்டிச்சி... நிண்டு என்னையே பாத்திச்சி."