சத்துமாவும் சத்தியும்

சுனாமி நாளில் ஜுனைதாவுக்குக் கடல் மிச்சம் வைத்தது கடைசி மகன் சாஜிதை மட்டும்தான். சாய்ந்தமருதில் வீடு இருந்த இடத்தில் கக்கூஸ் சுவர் ஒன்று நின்றது. அகதி முகாமில் தறப்பாள் கூடாரம் ஒன்று கிடைத்தது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நெஞ்செலும்பு தெரிந்தது. அவனும் போனால் அவளை உம்மா என்று கூப்பிட ஆளில்லை.

முகாமுக்குப் பக்கத்தில், மெலிந்த பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுக்க ஒரு நிலையம் திறந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து தொண்டு செய்ய வந்தவர்கள் நடத்தியது. பெயர்ப்பலகை வாசலை விடப் பெரிது. அங்கே சேலத்துக்காரி வளர்மதியைக் கண்டதும் ஜுனைதாவுக்கு உயிர் வந்தது. மற்றவர்களெல்லாம் வெள்ளைக்காரர். இவள் தமிழ் கதைக்கிறாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

வளர்மதி நல்ல பிள்ளை. ஊர் விட்டு ஊர் வந்து, அழுகிற குழந்தைகளை நாள் முழுக்க எடை பார்த்துப் பார்த்துக் களைத்துப் போயிருந்தாள். ஜுனைதாவோ வரிசையில் நிற்கவே சுவரைப் பிடித்தாள். மாவை வாங்கிப் போய்க் கூடாரத்தில் கரைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து சொல்வாள்.

“குடிச்சாச் சத்திதான் எடுக்கான், மிஸ்.”

“ரொம்ப நல்லதுக்கா. இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடுங்க.”

படித்த பிள்ளை சொல்கிறாள், இதுவும் ஒரு வைத்தியமாக்கும் என்று ஜுனைதா சேர்த்துக் கொடுத்தாள். எடை இறங்கியது. மாவை விற்கிறாளோ என்று சந்தேகப்பட்டு வளர்மதி ஒருநாள் கடிந்துகொண்டாள். ஜுனைதா அன்றைய மாவையும் வாங்கிக்கொண்டு போனாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிள்ளை துவண்டு விழுந்த அன்று இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். எத்தனை நாளாகச் சத்தி என்று டொக்டர் கேட்டார். ஒரு கிழமையாக, தினமும் மிஸ்ஸிடம் சொன்னேனே என்றாள் ஜுனைதா. சத்தி வருவது நல்லதுதானே என்றாள் வளர்மதி. அவள் ஊரில் சத்தி என்றால் பலம்.

“வாந்தி,” என்றார் டொக்டர், சேலைன் ஏற்ற நரம்பைத் தேடிக்கொண்டே.

மறுநாள் சாஜித் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். வளர்மதி கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். ஜுனைதாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

“அழாதீங்க மகள்,” என்றாள். “வெள்ளக்காரியா இருந்திருந்தா நான் சத்தி எடுத்தே காட்டியிருப்பன். நீங்க தமிழ்தானே. சொன்னாப் போதும் எண்டு இருந்திட்டன்.”